சுரப்பிக்கு ஒரு கெடா

எனக்குக் கோபம் அதிகம். இதை நான் சொல்ல வேண்டியதில்லை, வாசலூர்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அது என் கோபமே இல்லை, என் கழுத்தில் இருக்கும் ஒரு சுரப்பியின் வேலை என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

மார்கழிக் குளிரில் ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, எனக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. சும்மா உட்கார்ந்திருந்தாலே நெஞ்சு படபடத்தது. எவ்வளவு தின்றாலும் இளைத்துக்கொண்டே போனேன். காத்துக் கருப்பு அடித்திருக்கும் என்றார் அத்தை, அதாவது என் மாமியார். வீட்டுக்காரர் என்னை பஸ்ஸில் ஏற்றி, வளைவு வளைவாக மலையடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் இறக்கி, அங்கிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றார் டாக்டரம்மா.

"கோவங்கூட இதனால வருமுங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

வரலாம் என்று அந்தப் புண்ணியவதி சொல்லிவிட்டார். அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து நான் என்ன சொன்னாலும் ஒரே பதில்தான். ஈரத்துண்டைக் கட்டிலில் போடாதீங்க என்றால், "மாத்திரை போட்டியா புள்ள?" மாட்டுக்குத் தண்ணி காட்டலையா என்றால், "மாத்திரை போட்டியா புள்ள?" விருந்தாளிகளிடம் வேறு, "அவ பேசலீங்க, சுரப்பி பேசுது, கண்டுக்காதீங்க" என்று எனக்கு வக்காலத்து வாங்குவார். வந்தவர்களும் என் கழுத்தைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இதெல்லாம் போகட்டும். பலாமரத்தில் கை வைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஏரியில் படகு சவாரிக்கு வரும் சுற்றுலாக் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து, வீட்டில் ரெண்டு ரூமை வாடகைக்கு விடலாம் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. வருகிறவர்கள் கார் நிறுத்த இடம் வேண்டுமே. வாசலில் நிற்கும் பலாமரத்தை வெட்டிவிடலாம் என்றார். அந்த மரத்தில் உச்சி வரை ஏறியிருப்பது என் மிளகுக்கொடி. நான் கல்யாணமாகி வந்த புதிதில் நட்டது. அந்த வீட்டில் நானாக வைத்தது என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. வெட்டக்கூடாது என்றேன். கத்தினேன். அழுதேன். அவர் ஒரு டம்ளர் தண்ணியும் மாத்திரை அட்டையும் கொண்டுவந்து நீட்டினார்.

சரி, இந்தச் சுரப்பி என்னதான் சொல்கிறது பார்ப்போம் என்று மகளின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். நரம்பு, போன் போடுகிற மாதிரி. சுட்டது என்று தோல் சொன்னதும் கை பின்னால் வந்துவிடும். மூளையைக்கூடக் கேட்பதில்லை, தண்டுவடமே முடிவெடுத்துவிடும். ஹார்மோன், எங்கள் மலை பஸ் மாதிரி. ரத்தத்தில் ஏறி ஊரெல்லாம் சுற்றி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கும். மெதுவாக வரும், வந்தால் லேசில் போகாது. பயம் வந்தால் ஓடத் தயார்படுத்துவது அட்ரினல் சுரப்பி. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒன்று இருந்துகொண்டு மற்ற சுரப்பிகளை ஏவுகிறது. அது போதும் நிறுத்து என்றாலும் என் தைராய்டு கேட்பதில்லையாம். நான் என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன்.

இதை அவரிடம் சொல்லியிருக்கக்கூடாது. கப்பைக்கிழங்குக் காட்டில் சாரைப்பாம்பைப் பார்த்து என்னை விட்டுவிட்டு ஓடியவர், "நா ஓடலை புள்ள, அட்ரினல் ஓடுச்சு" என்றார். காட்டுக்குப் போகாமல் படுத்துக்கொண்டு, "பிட்யூட்டரி இன்னும் உத்தரவு போடலை" என்றார்.

ஏழெட்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக வந்தது. அப்போதுதான் தெரிந்தது, என் கோபம் தீர்ந்தால் கருப்பனாருக்குக் கெடா வெட்டுவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார் என்று. கெடாவை அவரே வளர்த்து வைத்திருந்தார். பெரக்கரை நாட்டு ஊர்களில் இருந்த சொந்தமெல்லாம் கறிச்சோற்றுக்கு வந்து இறங்கியது. மறுநாள் மரம் அறுக்க மிஷின்காரரையும் வரச் சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கம் கெடா மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால்தான் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். துலுக்காமல் வெட்டக்கூடாது. கருப்பனார் கோயில் வாசலில் பூசாரி ஊற்றினார். கெடா கண்ணை மூடிக்கொண்டு, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற மாப்பிள்ளை மாதிரி சுகமாக நின்றது. மறுபடி ஊற்றினார். அசையவில்லை. சொந்தக்காரர்கள் பசியில் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"ஊட்டுல ஆருக்காச்சும் மனக்கொறை இருக்குதுங்களா? இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க" என்றார் பூசாரி. துலுக்காவிட்டால் இப்படிக் கேட்பது வழக்கம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் போய்ச் செம்புக்குள் விரலை விட்டேன். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. வளர்த்த பாசத்தில், கெடா குளிரில் நடுங்கக்கூடாது என்று பொங்கல் அடுப்பில் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். தோலுக்குச் சில்லென்று தெரிந்தால்தானே நரம்பு போன் போடும். நான் அவரைப் பார்த்தேன். அவர் கோயில் மணியைப் பார்த்தார்.

தண்ணி சூடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஏன் சொல்ல வேண்டும்?

"எனக்கு ஒரு கொறை இருக்குதுங்க" என்று பலாமரத்துக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன்.

வீட்டுக்காரருக்குப் பழக்கதோஷம். "மாத்திரை போட்டியா..." என்று ஆரம்பித்தார்.

பூசாரி திரும்பினார். "ஏனுங்க, கோவம் தீந்துபோச்சுன்னுதானுங்க கெடா கொண்டாந்தீங்க? இன்னமும் சுரப்பிதான் பேசுதுன்னா கெடாவை ஊட்டுக்கே ஓட்டிட்டுப் போங்க. தீந்துபோச்சுன்னா, அவங்க சொல்றதக் கேளுங்க."

பெரக்கரைச் சொந்தமெல்லாம் அவரையே முறைத்தது. எல்லோருடைய கறிச்சோறும் அவர் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் நின்றது.

"தீந்துபோச்சுங்க" என்றார் மெதுவாக. "மரத்தை வெட்டலைங்க."

"மாத்திரை?" என்றேன்.

"இனிமே கேக்கமாட்டேன்."

"தண்ணி நானே கொண்டாறேங்க" என்று செம்பைக் கவிழ்த்துவிட்டு ஓடைக்குப் போனேன். கையை விட்டால் எலும்பு வரை குளிர் ஏறுகிற தண்ணீர். கொண்டுவந்து ஊற்றியதும் கெடா காது முதல் வால் வரை துலுக்கிய துலுக்கலில் பூசாரியின் திருநீறே கரைந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள்.

சாயங்காலம் நான் இருந்த பலாமரத்தடியில் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார்.

"வெந்தண்ணின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"எம்மேல இன்னும் கோவமா?"

"ஆமாங்க."

என் கழுத்தைப் பார்த்தார். "சுரப்பியா?"

"இல்லீங்க. நாந்தான்."

மிளகுக்கொடியை உச்சி வரை அண்ணாந்து பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், கட்டிலில் கிடந்த ஈரத்துண்டை எடுத்துவந்து வெளியே காயப்போட்டார்.