சனிக்கிழமை மாத்திரைகள்

மருந்துக்கடையில் நின்று பழகியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: டாக்டர் ஒரு மாதத்துக்கு எழுதுவார், வாங்குகிறவர் ஒரு வாரத்துக்குக் கேட்பார்.

மாத்திரைக்கு விடுமுறை

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருங்கிய ஒரு தெருவில் நான் வேலை பார்த்த கடை. சனிக்கிழமை சம்பளம் போட்டதும் கூட்டம் வரும். மாத்திரை அட்டையை வெட்டும் கத்தரிக்கோல் சத்தம், இன்றும் சனிக்கிழமை மாலைகளில் என் காதில் கேட்கிறது.

எஸ்தர் அக்கா தலையில் பஞ்சுத்தூசியோடு வருவார். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். பனியன் கம்பெனியில் அவர் தைத்ததில் பழுது பார்க்கும் செக்கிங்கில், கணவர் தையல் மெஷினில். கணவருக்குத் தினமும் ஒரு பிரஷர் மாத்திரை. அக்கா ஆறுதான் வாங்குவார். ஒன்று குறைகிறதே என்றேன்.

"ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவுதான தம்பி, அவுக சும்மாதான படுத்துக் கெடப்பாக. மாத்திரைக்கும் லீவு."

திங்கட்கிழமையிலிருந்து

கணவருக்குச் சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. அந்தச் சனிக்கிழமை அக்கா மகளோடு வந்தார். பத்தாவது பாஸான பெண். மருந்துச் செலவு கட்டுப்படியாகவில்லை, திங்கட்கிழமையிலிருந்து இவளும் கம்பெனிக்கு வருகிறாள் என்றார். அந்தப் பெண் இருமல் மருந்துப் பாட்டில்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் முதலாளி யாருக்கும் கடன் தராதவர். கல்லாவை விட்டு எழாமல் சொன்னார்: "ஏனுங்கம்மா, கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில இதே மாத்திரை சும்மாதானுங்களே குடுக்கறாங்க? புள்ளையப் படிக்க உடுங்க."

"அங்க வரிசையில நின்னா ஒருநாள் சம்பளம் போயிருமே அண்ணாச்சி."

"ஒருநாள் போனாப் போகுதுங்க. மாசம் பூரா வாங்கறதுக்கு அது பரவால்லீங்களே?"

அக்கா யோசித்தார். அவர் போவார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. போகும்போது என்னிடம் மட்டும் கேட்டார்:

"சும்மா குடுக்கறது வேலை செய்யுமா தம்பி?"

காக்கிக் கவர்

பிறகு பல சனிக்கிழமைகள் அக்காவைக் காணோம். ஒருநாள் வந்தவர் எதுவும் வாங்கவில்லை. காக்கிக் கவரிலிருந்த அரசு மாத்திரைகளை மேஜையில் கொட்டி, "பாத்துச் சொல்லு" என்றார். அட்டையில் இருந்த பெயரையும் அளவையும் எங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே மருந்து. முதலாளியும் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "அதேதானுங்க" என்றார்.

"பாப்பா வரலையாக்கா?"

"டியூசனுக்குப் போயிருக்கா" என்றவர், மாத்திரைகளை அள்ளிக் கவருக்குள் போட்டுக்கொண்டார்.

"இனிமே ஒங்க கடைக்கு வரமாட்டேன் அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதீய."

மருந்துக்கடைக்கு ஒரு வாடிக்கையாளர் வராமல் போக இரண்டே காரணங்கள்தான் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன், ஒன்று எதிர்க்கடை, மற்றது சுடுகாடு.