ஒரு வருடக் காணியில் கறுத்த மண்

"நிலைபேறான வியாபாரத் திட்டம் ஒண்டு எழுதித் தாங்க" என்று உதவிப் பணம் கொடுக்கிற புத்தளத்து அலுவலகத்தில் கேட்டார்கள். எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். முகாமைத்துவம்தான் படித்தேன். 'நிலைபேறான' என்ற சொல்லை எழுத எனக்கு ஒரு பின்னேரம் போதும். எங்கள் மணலில் அதை நிற்க வைக்கத்தான் முடியவில்லை.

எங்கள் ஊர் எத்தாளைப் பக்கம் எல்லாம் மணல். ஊற்றுகிற தண்ணீரும் போடுகிற பசளையும் கீழே இறங்கிக் கிணற்றுக்குத்தான் போகும். அதனால் எட்டு வீடுகள் சேர்ந்து கூட்டெரு செய்கிறோம். கரையோர மீன் வாடியிலிருந்து மீன் கழிவு, மாட்டெரு, தேங்காய்த் தும்புத்தூள். எங்கள் தோட்டங்களுக்குப் போக மிஞ்சுவதை விற்று, அடுத்த போகத்துக்கு வேண்டியதை வாங்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

எட்டு வீட்டுக் கூட்டத்தில் பக்கத்துத் தோட்டத்து மாமிதான் அதை உடைத்தார்.

"நாங்க எரு போட்டு மண்ணக் கொழுக்க வெச்சா, அடுத்த வருஷம் அதுல கத்தரிக்கா புடுங்குறது ஆரு, மகள்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வீட்டில் ஒரு வீட்டுக்கும் சொந்தக் காணி இல்லை. வருடத்துக்கு வருடம் வாய்ப்பேச்சில் குத்தகை. மணலில் எரு தங்கிப் பிடிக்கச் சில வருடங்கள் வேண்டும். ஆகவே திட்டத்தில் ஒரு வரி சேர்த்தேன்: காணிக்காரர் ஐந்து வருடக் குத்தகை எழுதித் தர வேண்டும், பதிலுக்கு அவருடைய மண் வளமாகும்.

வாப்பா செய்கிற காணி புத்தளத்து ஹாஜியார் ஒருவருடையது. அவர் மூன்று வருடமாக அதைத் திருப்பிக் கேட்காததால் அங்கே மண் கறுத்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவர், ஒரு பிடி மண்ணை அள்ளி அமுக்கிப் பார்த்தார். உதிராமல் உருண்டையாக நின்றது.

"மாஷா அல்லாஹ். இது என்ட காணியா?"

"ஓம் ஹாஜியார், உங்கடதான்" என்றார் வாப்பா.

நான் ஐந்து வருடக் கதையைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"நல்லாப் படிச்சிரிக்கிறீங்க மகள். ஆனா மகன் கட்டார்ல இருந்து வாறான். தோட்டம் செய்யணுமாம். இந்த மண்ணெண்டா அவன்ட பழகாத கைக்கும் வெளையும்." போகும்போது வேலியோரத்துக் கூட்டெருக் குவியலைக் காட்டினார். "அதுவும் அப்பிடியே இரிக்கட்டும். காணியோட சேந்ததுதானே."

"மண் காணியோட சேந்தது ஹாஜியார். குவியல் எட்டு வீட்டோட சேந்தது."

அவர் ஓட்டோவில் ஏறிவிட்டார். வாப்பாதான் என்மேல் பாய்ந்தார். "வாய் காட்டிட்டாய். இந்தக் கதை ஊரெல்லாம் போகும். இனி ஆரு எங்களுக்குக் காணி தருவான்?"

அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். "அப்ப அந்த ஐந்து வருட வரியை எடுத்துருங்க. மற்றதெல்லாம் நல்லா இருக்கு" என்றார் உத்தியோகத்தர்.

"மற்றதெல்லாம் அதுக்கு மேலதான் சேர் நிக்குது."

"படிவத்தில காணி யாருடையதெண்டு ஒரு கேள்வியும் இல்லையே தங்கச்சி."

அடுத்த நாள் குவியலை வெற்றுப் பசளைப் பைகளில் அள்ளி லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். மாமி மண்வெட்டியை ஊன்றி நின்று, "அடியில இரிக்கிற மண்ணையும் சுரண்டுவமா மகள்? அதுவும் நாங்க போட்டதுதான்" என்றார். பகிடிதான். ஆனாலும் எல்லோரும் ஒரு கணம் கீழே பார்த்தோம்.

அந்த வரியை நான் எடுக்கவில்லை. திட்டத்தை அப்படியே கொடுத்தேன், இன்னும் பதில் இல்லை. பைகள் எங்கள் வீட்டுச் சுவரோரம் வாய் கட்டியபடி நிற்கின்றன. வாப்பா காணி தேடி அலைகிறார். போகிற இடமெல்லாம், நான் பக்கத்தில் நிற்கும்போதும், ஒரு வருடத்துக்குத்தான் கேட்கிறார்.