செடிகள் பெருத்த காலை

முதல் தடவை அது வந்தபோது நான் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். இடுப்பளவு நின்ற தேயிலைச் செடிகள் திடீரென்று என் தலைக்கு மேல் போய்விட்டன. மங்கல் இல்லை, ஆட்டம் இல்லை. கிளையில் ஒட்டிய பாசிகூடத் தெளிவாகத் தெரிந்தது. அளவு மட்டும் மாறியிருந்தது. கத்தி பிடித்த கை எங்கோ தள்ளி, வேறு யாருடைய கையோபோல் இருந்தது. பயம் ஒன்றும் வரவில்லை. இப்படியும் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு வெட்டினேன்.

கவ்வாத்து என்பது முதிர்ந்த செடியை முழங்காலுக்குச் சற்று மேலே சீவி விடுவது. அதற்குக் கீழே இறங்கினால் செடி பட்டுப்போகும். புதிதாக வருகிறவனுக்கு அளவுக்குச்சி கொடுப்பார்கள். பழகியவன் குச்சியைத் தொட்டால் மலை முழுக்கச் சிரிக்கும். நான் பழகியவன். கண் எதை முழங்கால் உயரம் என்று சொன்னதோ அதில் வெட்டினேன்.

ஒரு பீடி பிடிக்கும் நேரம் இருந்திருக்கும். செடிகள் பழையபடி இறங்கி வந்தபோது என் நிரையில் எட்டுச் செடிகள் ஒரு சாண் உயரத்தில் மொட்டையாக நின்றன.

பக்கத்து நிரையில் அக்கா புருஷன் வெட்டிக்கொண்டிருந்தார். வந்து பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதை வேறு யாரிடமும் சொல்லாதே என்றார். தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆகாதவன் என்று எழுதிவிடுவார்கள், பேர் வெட்டிவிடுவார்கள் என்றார். அது எனக்கும் தெரியும். பிரஜாவுரிமைக் காகிதம் இல்லாதவனை எந்தத் தோட்டமும் புதிதாகப் பதியாத காலம். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, நாலு தோட்டம் சுற்றி, எங்கும் நிலைக்காமல் கந்தப்பளையில் அக்கா குடியிருந்த லயத்துக் காம்பிராவுக்கு வந்து சேர்ந்திருந்தேன். எனக்காக, மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் மூன்று முறை போய்க் கெஞ்சி, தானே பொறுப்பு என்று சொல்லிப் பேர் பதிய வைத்தவர் மச்சான். அதுபோல் இன்னொரு பேர் கிடைக்காது.

கணக்கப்பிள்ளை வந்து மொட்டைச் செடிகளைப் பார்த்தார்.

"என்னடா, தேயிலைய வெட்டச் சொன்னா சுடுகாடாக்கி வச்சிருக்க?"

நான் வாய் திறக்கும் முன்னே மச்சான் முந்திக்கொண்டார். "நேத்து கொஞ்சம் போட்டுட்டான் ஐயா. இன்னும் எறங்கல. இனிமே நான் பாத்துக்கிறேன்."

குடி தோட்டத்துக்குப் புரிகிற குற்றம். நன்றாகத் திட்டிவிட்டு அன்றைக்கு அரைநாள் கூலிக்கு அரைப்பேர் மட்டும் போட்டார். அதோடு முடிந்தது. அதுவரை நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. அடுத்த நாள் காலை பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அக்காவிடமும் மச்சான் அதே கதையைத்தான் சொல்லியிருந்தார். உண்மை தெரிந்தால் அவளே கையைப் பிடித்து டிஸ்பென்சரிக்கு இழுத்துப் போவாள். அவள் இரண்டு நாள் என்னோடு பேசாமல் சோறு வைத்தாள்.

"அடுத்த தடவ கணக்கப்பிள்ள வாய மோந்து பாப்பாரு மாப்ள," என்றார் மச்சான். ஒரு சின்ன மருந்துப் போத்தலில் கசிப்புச் சாராயம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு சில வாரம் ஒன்றுமில்லை. ஒருநாள் காலை, பனி விலகும்போது மறுபடி வந்தது. இந்தத் தடவை எனக்குத் தெரிந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சுற்றிலும் செடிகள் சவுக்கு மரம்போல் நின்றன. போகட்டும் என்று காத்திருந்தேன். ஒரு செடியும் கெடவில்லை.

மச்சான் பார்த்துவிட்டார். ஓடிவந்து போத்தலைத் திறந்து என் வாயில் ஊற்றினார். பாதி தொண்டைக்குள் இறங்கியது, பாதி சட்டையில் கொட்டியது. நான் இருமிக்கொண்டிருக்கும்போதே கணக்கப்பிள்ளை மேலே ஏறி வந்துவிட்டார். சும்மா உட்கார்ந்திருந்தால் வயிற்றுவலி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வேலை நேரத்தில், மலையில், போத்தலோடு பிடிபட்டவனுக்கு மன்னிப்புக் கிடையாது.

அப்போதுதான் மச்சான் உண்மையைச் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு, செடி எனக்கு எப்படித் தெரிகிறது என்பதையெல்லாம் விவரமாகச் சொன்னார். கணக்கப்பிள்ளை பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டு போத்தல் போட்டா எனக்கும்தான்யா செடி மரமாத் தெரியும்," என்றார்.

பகலுக்குள் பேர் வெட்டியாகிவிட்டது.

காம்பிராவில் அக்கா ரொட்டி சுட்டுத் தாளில் சுற்றித் தந்தாள். அழவில்லை. "இனிமே தொடமாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு தம்பி," என்றாள். மச்சான் கதவருகே நின்று உண்மையைச் சொல்ல வாய் திறந்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். பேர் போனது யாரால் என்று அவளுக்குத் தெரிந்தால் அவர்கள் இருவரும் அந்த ஒற்றை அறைக்குள் அதோடு குடும்பம் நடத்த வேண்டும். அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராகலையில் மரக்கறித் தோட்டங்களில் காகிதம் கேட்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பஸ் ஏறினேன். என்னிடம் இருந்த ஒரே சட்டை, கசிப்பு கொட்டிய அதுதான். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து முன்னால் போய்விட்டார். இடம் கிடைத்ததே என்று நகர்ந்து உட்கார்ந்து, ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டேன்.