ஸ்டிக்கரை நம்பிய ஃபிரிட்ஜ் லைன்

எடமலைப்பட்டி புதூர் பழைய சாமான் ஷெட்டில் ஃபிரிட்ஜ் பிரிக்கும் லைன் ஆரம்பித்த அன்றே அதில் ஒரு தப்பு இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அந்த ஷெட்டுக்கு வருவதற்கு முன் பாலக்கரையில் ஃபிரிட்ஜ் மெக்கானிக்.

லைன் போட்டவர் இன்ஜினியர் கார்த்திக் சார். முதல் மேசையில் நான். ஸ்டிக்கரில் கேஸ் நம்பரைப் பார்க்க வேண்டும். 600 என்றால் தீப்பிடிக்கும் கேஸ்; வெளி முற்றத்துக்குப் போகும், அங்கே தீப்பொறி இல்லாமல் பிரிப்பார்கள். 134 என்றால் பயமில்லை. மெஷின் கேஸை உறிஞ்சியதும் அடுத்த மேசையில் செல்வி கிரைண்டரால் தீப்பொறி பறக்கக் கம்ப்ரசரை அறுத்தெடுப்பார்.

ஸ்டிக்கரை நம்ப முடியாது என்று எனக்குத் தெரியும். ரிப்பேருக்கு வந்த ஃபிரிட்ஜில் கைக்குக் கிடைத்த கேஸை ஏற்றி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். சில தடவை சமையல் கேஸ்கூட. சொன்னால் வேலை போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

"என்னண்ணே, பொண்ணா பாக்குறீங்க? தள்ளுங்க சீக்கிரம்" என்பார் செல்வி.

மூன்றாம் நாள் ஸ்ரீரங்கத்து வீடு ஒன்றிலிருந்து வந்த ஃபிரிட்ஜ். ஸ்டிக்கரில் 134. ஆனால் கேஸ் ஏற்றும் சார்ஜிங் பைப்பில் இன்னொரு துண்டுக் குழாயை ஒட்டுப் போட்டுப் பற்றவைத்திருந்தார்கள். கம்பெனியிலிருந்து அப்படி வராது. மெக்கானிக் கை பட்டிருக்கிறது. பின்னால் நாலு ஃபிரிட்ஜ் காத்திருந்ததால் அதையும் தள்ளிவிட்டேன். மெஷின் உறிஞ்சி முடித்தது. கம்ப்ரசர் ஆயிலில் கொஞ்சம் கேஸ் ஊறித்தான் கிடக்கும். செல்வி கிரைண்டரைத் தூக்கினார். ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைத்தேன்.

"யாருங்க ஆஃப் பண்ணது?" கார்த்திக் சார் ஓடிவந்தார்.

"நான்தான் சார். அதுல என்ன கேஸுன்னு தெரியாது."

"ஸ்டிக்கர் இருக்குல்ல?"

"அது கம்பெனியில ஒட்டுனது சார். நடுவுல எங்கள மாதிரி ஆளுங்க கை வெச்சிருக்கோம்."

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஃபிரிட்ஜை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய்க் குழாயைத் திறந்தோம். சமையல் கேஸ் நாற்றம் எல்லோர் மூக்கிலும் ஏறியது.

"மூணு நாளா தெரிஞ்சேவாண்ணே எங்கிட்ட தள்ளிவிட்டீங்க?" என்றார் செல்வி.

கார்த்திக் சார் மிச்சமிருந்த ஃபிரிட்ஜ்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். பாதிக்குப் பாதி ஒட்டுப் போட்டவை. அன்றே லைனை மாற்றினார். முதலில் குழாய், அப்புறம்தான் ஸ்டிக்கர். சந்தேகம் என்றால் முற்றம். அங்கே இரண்டு ஆள் கூடுதல். "ஃபிரிட்ஜ் வராம உள்ள செல்வி சும்மா நின்னாலும் பரவாயில்லைங்க" என்றார்.

என் வேலை போகவில்லை. செல்வி மட்டும் ரொம்ப நாள் என்னைக் கேலி பேசவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒட்டுப் பார்க்க ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிடுவேன். கூடவே இதையும் சொல்வேன்: தெரிந்த ஆபத்தைச் சொல்ல நல்ல நேரம் பார்க்காதீர்கள். முதல் ஃபிரிட்ஜிலேயே சொல்லிவிடுங்கள்.