இரண்டு விரல் நசுங்கிய கையுறை

போன வாரம்வரை என் மேசை இழுப்பறையில் ஒரு வலதுகைக் கையுறை கிடந்தது. அதன் இரண்டு விரல்கள் அப்பளம்போல் நசுங்கியவை. தூக்கிப் போடச் சொல்லி அக்காள் எத்தனையோ முறை கெஞ்சிவிட்டாள். போட மாட்டேன். மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே வைத்திருக்கிறேன்.

அது அவள் கணவருடையது, என் அத்தானுடையது. கிள்ளானில் ஓர் இரும்புக் கிடங்கில் அவர் கிரேனுக்குப் பாரம் கட்டுவார்; நான் கீழே நின்று கைச்சாடை காட்டுவேன். அன்று கம்பிவடம் நழுவாமலிருக்க, அது இறுகும்வரை அத்தான் விரலால் பிடித்திருந்தார். பிடிக்கக் கூடாதுதான்; அவசரத்தில் எல்லாரும் பிடிப்போம். அவர் விரலை எடுக்கட்டுமென்று நான் கையை விரித்துக் கிரேனை நிறுத்தியிருந்தேன். பின்னாலிருந்து வந்த, எங்களை வேலை வாங்கும் மண்டோர், “என்னடா செல மாதிரி நிக்கிற? தூக்கச் சொல்லுலா!” என்று தானே கையை உயர்த்திவிட்டான். கிரேன் தூக்கியது. அத்தான் அலறவில்லை. “எறக்குங்கடா” என்றார், தேத்தண்ணீர் கேட்பதுபோல.

மருத்துவமனை வாசலிலேயே மண்டோர் தாளை நீட்டினான். கையுறை அணியவில்லை, சொந்தக் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. “சைன் போடு. இல்லன்னா நீதான் தூக்கச் சொன்னேன்னு எழுதிடுவேன்.” அப்போதுதான் அத்தான் கையிலிருந்து கழற்றிக் கொடுத்த கையுறை என் பையில் ஈரமாக இருந்தது. சைன் போட்டேன். என் கையெழுத்தின்மேல்தான் எனக்கு ஆத்திரம் என்று நல்லவனைப்போல் சொல்லலாம். பொய். அவன்மேல்தான்.

அத்தான் யாரையும் திட்டியதில்லை. சாலாக் செலாத்தானில் உள்ள வீட்டில் இன்றும் இடக்கையால்தான் சோறு பிசைகிறார். நாலு பேர் பார்க்கும் பந்திக்கு வருவதே இல்லை. அவருக்கும் சேர்த்து நான் மண்டோரைச் சபித்தேன். சபித்துக்கொண்டே படித்துப் பாதுகாப்பு அதிகாரியானேன். நான் இப்போது வேலை பார்க்கும் இடத்தில் பாரம் தூக்க என் கையெழுத்து வேண்டும்.

போன வாரம் அவன் வந்தான், குத்தகையாளனாக, வாயெல்லாம் பல்லாக.

“தம்பி, நாம பழைய ஆளுங்கலா. ஒரு சைன் போடு.”

இழுத்துத் திருப்பக் கயிறு கட்டாமல், ஆட்கள் கையால் தள்ளித் திருப்ப வேண்டிய பாரம். எப்படியும் போட்டிருக்க மாட்டேன். ஆனாலும் கையுறையை எடுத்து அவன் முன் வைத்தேன்.

“அன்னைக்குக் கை தூக்குனது யாருன்னு மொதல்ல எழுதிக் குடுங்கண்ணே.”

“அதெல்லாம் முடிஞ்சி போச்சு தம்பி.”

“அப்ப இத ஒரு தடவ போட்டுப் பாருங்க.”

மேசைமேல் விரிந்திருந்த அவன் விரல்கள் பத்தும் மெல்ல மடங்கி மேசைக்கு அடியில் போயின. அவன் எழுதவில்லை. எழுந்து போய்விட்டான்.

அவன் கிரேன் இன்னும் சும்மா நிற்கிறது. கையுறையை நான் இழுப்பறையில் திரும்ப வைக்கவில்லை. மேசைமேலேயே கிடக்கிறது. அவன் மறுபடி வந்துதானே ஆகவேண்டும்.