ஷாகிராவின் மூன்று விநாடி

ஆர்டரைத் தட்டியதும் ஷாகிரா மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். உதடு மட்டும் அசைகிறது: ஒண்ணு, ரெண்டு, மூணு. திரையின் அடியில் ஆர்டர் எண் வந்து விழுந்தால்தான் மூச்சு திரும்புகிறது. பங்குச் சந்தை திறந்திருக்கும் நேரமெல்லாம் இப்படித்தான்.

பாண்டி பஜாரில் ஒரு புடவைக் கடைக்கு மேலே அந்தப் பங்குத் தரகர் அலுவலகம். முப்பத்தோரு வயது ஷாகிரா அங்கே டெர்மினல் ஆபரேட்டர். வடபழனியிலிருந்து பஸ்ஸில் வந்ததும் நேரே மொட்டை மாடிக்குப் போய், கவிழ்த்த குடை போலிருக்கும் டிஷ் ஆன்டெனாவைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். "இதும்மேல ஒரு காக்காகூட குந்த வுடமாட்டேன் சார்," என்கிறாள். அவள் தட்டும் ஆர்டர் அங்கிருந்து செயற்கைக்கோளுக்கு ஏறி, பம்பாயில் இருக்கும் சந்தைக் கம்ப்யூட்டரில் இறங்கி, பதிலோடு திரும்ப வேண்டும். அதற்குத்தான் மூன்று விநாடி. "நடுவுல இன்னா ஆவுதுன்னு யாரு கண்டாங்க?"

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பதில் வரவில்லையே என்று ஒரே ஆர்டரை இரண்டு தடவை தட்டிவிட்டாள். இரண்டுமே போய்ச் சேர்ந்தன. வாடிக்கையாளர் கையில் இல்லாத பங்குகளும் விற்றுப்போயின. முதலாளி கத்தவில்லை. "இன்னொரு தபா நடந்தா பார்க்கலாம்," என்றார். அந்தப் 'பார்க்கலாம்' இன்றுவரை அவள் காதைவிட்டுப் போகவில்லை.

97 நவம்பரில் ஒரு நாள் வாடிக்கையாளனாக நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். அடையாறிலிருந்து வரும் ஓய்வுபெற்ற என்ஜினீயர் சண்முகசுந்தரம் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். ரிட்டயரான பணம் முழுவதையும் ஒரே கம்பெனியின் பங்குகளில் போட்டிருந்தார். காலையிலிருந்து விலை சரிந்துகொண்டே வந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"அத்தனையும் வித்துடும்மா."

ஷாகிரா தட்டினாள். மூன்று எண்ணினாள். ஏழு. பன்னிரண்டு. திரை அசையவில்லை.

"மழைக்கு லிங்க் வந்து வந்து போவுது சார்."

"மறுபடி தட்டு."

"வேணாம் சார். மொதல்ல தட்டினதே போயிருந்தா?"

"போகலேன்னா? நான் தெருவுக்கு வந்துடுவேம்மா."

அவர் அவள் தோளைத் தாண்டிக் கையை நீட்டினார். அவள் சட்டென்று கீபோர்டை மடிக்கு இழுத்து, துப்பட்டாவால் மூடி, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். அவர் கை அந்தரத்தில் நின்றது. பக்கத்து மேஜைக்காரர் பம்பாய்க்குப் போன் போட்டால் எங்கேஜ்டு. பதினோரு நிமிஷம் அவள் பிடியைத் தளர்த்தவில்லை.

பிறகு எண் விழுந்தது. முதல் தட்டலிலேயே போய், தட்டிய நேரத்து விலைக்கே விற்றிருந்தது. மறுபடி தட்டியிருந்தால் தன்னிடம் இல்லாததையும் விற்று மாட்டிக்கொண்டிருப்பார். சண்முகசுந்தரம் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"நல்லவேளை, மொதல் தடவையே போயிடுச்சுன்னு உனக்குத் தெரிஞ்சிருந்தது," என்றார்.

"தெரியாது சார். பயந்துட்டேன், அவ்ளோதான்."

மறுவாரம், நல்ல வெயிலில், வேறொரு பங்கு வாங்க வந்தார். ஷாகிரா விவரங்களையெல்லாம் நிரப்பிவிட்டு, கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"கடேசி தட்டு மட்டும் நீங்களே தட்டுங்க சார்."

அவர் விரலை நீட்டினார். பொத்தானுக்கு மேலே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஷாகிரா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, கண்களை இறுக மூடிக்கொண்டு தட்டினாள்.