உருண்டைக்காரர் தோட்டத்துத் தண்ணீர்

திருமலைசாமியை எங்கள் ஊரில் யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் ஊரில் யாரையும் பிடிக்காது. அவரைப் பற்றி எழுதுகிறேன் என்றதும், "எழுதறதுக்கு வேற ஆளே கெடைக்கலியா?" என்றுதான் கேட்டார்கள்.

எங்கள் ஊர் பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. சின்னண்ணக் கவிராயர் வாழ்ந்த பழைய ஓட்டு வீடு இங்கேதான் உள்ளது. அவருடைய ஓலைச்சுவடிகளும் அவர் படுத்த கட்டிலும் இன்றும் உள்ளே இருக்கின்றன. வாசல் சுவரில் ஒரு கருங்கல் பலகையைப் பதித்து, அவர் பாடிய வசைப்பாட்டு ஒன்றைச் செதுக்கியிருந்தார்கள். பசியோடு வந்த கவிராயரை ஒரு பண்ணையக்காரர் சாப்பிடக் கூப்பிட்டாராம். உட்காருவதற்கு முன்னாலேயே, "களி எத்தனை உருண்டை திம்பீங்க?" என்று கேட்டாராம். கவிராயர் சாப்பிடாமல் திரும்பி, தெருவில் நின்று நாலு வரி பாடிவிட்டார். அந்தப் பண்ணையக்காரர் திருமலைசாமியின் பாட்டனுக்குப் பாட்டன். அன்றிலிருந்து அவர்கள் வீட்டுக்கு உருண்டைக்காரர் வீடு என்று பெயர்.

பள்ளிக்கூடத்தில் அது மனப்பாடப் பாட்டு. வாத்தியார் திருமலைசாமியையே எழுப்பி ஒப்பிக்கச் சொன்னார். ஏழாவதோடு அவர் படிப்பை நிறுத்திவிட்டார். பாட்டு அவ்வளவு தூரம் போயிருக்காது என்று நம்பி, தாராபுரத்துப் பக்கம் பெண் எடுத்தார். கல்யாணப் பந்தியில் எவனோ மாமனாருக்கு அதைப் பாடிக் காட்டினான்.

அந்த வீட்டில் சாப்பாடு பரிமாறும்போது "போதுமா" என்றோ "இன்னும் வேணுமா" என்றோ யாரும் கேட்பதில்லை. கொட்டிக்கொண்டே இருப்பார்கள். களையெடுக்க வந்த பெண்கள், "வவுத்த வெடிக்க வெச்சுப் பழி தீர்க்கறாருடி" என்று சொல்லிக்கொண்டே பாதியை நாய்க்குப் போடுவார்கள். அவ்வளவு கொட்டியும் அந்தப் பெயர் போகவில்லை.

கவிராயர் மன்றத்துச் செயலாளர் தம்பிதுரை, இரும்பு வார்க்கும் பவுண்டரி முதலாளி. ஒவ்வொரு வருஷமும் கவிராயர் வீட்டு வாசலில் நடக்கும் விழாவில் குழந்தைகளை அந்தப் பாட்டைப் பாடவைப்பார். ஒலிபெருக்கிகளில் ஒன்று பக்கத்தில் இருக்கும் திருமலைசாமியின் தோட்டத்தைப் பார்த்துக் கட்டியிருக்கும். கல்லை எடுத்துவிடும்படி திருமலைசாமி நேரில் போய்க் கேட்டிருக்கிறார். "இலக்கியமுங்க அது. உங்கூட்டுப் பேரு நெலைச்சு நிக்குது, சந்தோசப்படோணும்" என்று பதில் வந்தது.

தொண்ணூற்றாறு பங்குனியில் மலையில் தீப் பிடித்தது. காய்ந்த புல்லைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிய தீ, முற்பகலில் கவிராயர் வீட்டுக்குப் பின்னால் இருந்த முள்காட்டுக்கு வந்துவிட்டது. தீயணைப்பு வண்டி வழியில் ஓடைப் பள்ளத்து மணலில் சிக்கி நின்றுவிட்டது. ஊர்க் கிணறுகளில் தண்ணீர் இல்லை. திருமலைசாமியின் போர்வெல்லில் மட்டும்தான் இருந்தது.

தம்பிதுரையும் ஊராரும் வேலியோரம் ஓடினார்கள். திருமலைசாமி மோட்டார் ரூம் வாசலில் நின்றிருந்தார்.

"ஏனுங்ணா, சீக்கிரம் மோட்டாரப் போடுங்க. ஓஸ் பைப்பு எங்ககிட்ட இருக்குது" என்றார் தம்பிதுரை.

"கல்லை எடுங்க. போடறேன்."

"எந்தக் கல்லுங்க?"

"எந்தக் கல்லுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"நெருப்பு வந்துட்டிருக்குது. இப்பப் பேசற பேச்சுங்களா இது?"

"நெருப்பு இல்லாதப்பவும் வந்து பேசுனேனுங்க. காப்பி குடுத்து அனுப்பிச்சு உட்டீங்க."

கூட்டத்தில் ஒருவன், "எத்தன கொடம் வேணும்னு கேக்கறாரப்பா!" என்றான். அந்தப் புகையிலும் நாலு பேர் சிரித்தார்கள். திருமலைசாமி திரும்பி, மோட்டார் ரூமைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பாட்டுப் போச்சுன்னா அப்பறம் ஊட்டை வெச்சுட்டு என்னுங்க பண்றது? எரிஞ்சாலும் எரியட்டும், கல்லைத் தொட உடமாட்டேன்" என்று தம்பிதுரை கத்தினார். பின்பக்கத் தாழ்வாரம் அப்போதே புகைந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் மோட்டார் ரிப்பேர் செய்பவர் அக்பர் அலி. அவர் ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாசல் சுவருக்குப் போனார்.

"அக்பர் பாய், வேண்டாமுங்க!" தம்பிதுரை அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். தோள்பக்கம் கிழிந்தது.

"சட்டை போனாப் போவுதுங்க. உள்ள சுவடி இருக்குது. அது போனா எவன் எழுதறது?" என்றார் அக்பர் அலி. நாலு நெம்பில் கல் பெயர்ந்து விழுந்தது. ஒரு மூலை உடைந்தது. இரண்டு பேர் சேர்ந்து அதை வேலிவரை புரட்டிக்கொண்டுவந்தார்கள்.

திருமலைசாமியின் மனைவி வெங்கடம்மாள் வேலிக்கு உள்ளே நின்று பார்த்தார். "அங்க போட்டா ஆகாதுங்க. இந்தப் பக்கம் முழுசாத் தள்ளுங்க" என்றார். தள்ளினார்கள். அதற்குப் பிறகுதான் திருமலைசாமி பூட்டைத் திறந்தார்.

தாழ்வாரம் முழுக்க எரிந்துபோனது. ஓடுகள் வெடித்தன. ஆனால் வீடு நின்றது, சுவடிகளும் தப்பின. முதலிலேயே தண்ணீர் வந்திருந்தால் தாழ்வாரமும் தப்பியிருக்கும் என்பது உண்மை. முதலிலேயே கல்லை எடுத்திருந்தாலும் தப்பியிருக்கும்.

தம்பிதுரை போலீஸில் புகார் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. கல் தோட்டத்துத் தொட்டியோரம் துவைகல் ஆகிவிட்டது. எழுத்து மேலே தெரியும்படிதான் போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் தம்பிதுரை வேலியோரம் வந்து, அதில் துவைத்துக்கொண்டிருந்த வெங்கடம்மாளிடம், "அம்மணி, அது மன்றத்துச் சொத்து. குடுத்துருங்க" என்றார்.

வெங்கடம்மாள் துவைப்பதை நிறுத்தவில்லை. "தாராளமா எடுத்துக்குங்க. மொதல்ல எங்க தண்ணியத் திருப்பிக் குடுத்துருங்க."

இப்போது கவிராயர் வீட்டு வாசல் சுவரில் ஒரு தகரப் பலகை மாட்டியிருக்கிறார்கள். அதே பாட்டு. இந்த வருஷ விழாவில் குழந்தைகள் அதோடு ஐந்தாவது வரி ஒன்றையும் சேர்த்துப் பாடினார்கள். யார் கட்டியது என்று தெரியவில்லை. தீ எரியும்போது உருண்டைக்காரர் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்கிறது அந்த வரி. தம்பிதுரை மேடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வரி பொய். கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் திருமலைசாமி தண்ணீர் விட்டார். ஆனால் விட்டார்.